கண்ணாடிக் கதவின் வலப்பக்கம்

அன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, பின்வாசல் கண்ணாடிக் கதவு ஓடும் டிராக்கில் பிரஷ் போட்டதுதான். அந்தக் கதவு சில வாரங்களாகத் திறக்கப்படாமலே கிடந்தது. திறக்காத கதவுக்கு எதற்குப் பிரஷ் என்று கேட்கலாம். பல் துலக்குவதுபோல அதுவும் ஒரு பழக்கம். பெயின்ட் அடிக்கும் சின்னப் பிரஷ் ஒன்று கதவோரம் ஆணியில் தொங்கும். அதை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளினால் வெள்ளைப் பஞ்சுத்தூசி திரிபோலச் சுருண்டு வரும். அன்றும் வந்தது. அதைக் குப்பையில் போடுவதற்குள் போன் அடித்தது. எதிர்முனையில் பக்கத்து வீட்டு எஸ்தர் அக்காவின் மகன் சாமுவேல்.

“அக்கா, அம்மா போயிட்டாங்க” என்றான்.

தங்கை மகள் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊருக்குப் போனவர், கல்யாணம் முடிந்தும் அங்கேயே தங்கியிருந்தார். இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழவில்லை. அன்று மாலையே அடக்கம். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. நம் வரிசை வீடுகளில் பலராலும் முடியவில்லை. அங்கே போய் நிற்க முடியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த எஸ்தர் அக்காதான் இவர். எனக்குத் தெரிந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தளத்துக்கு அந்தப்புறம், குட்டைச் சுவரைத் தாண்டி, அக்கா வீட்டுக் கதவில் திரை போட்டபடி இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அப்ப இந்த ஞாயித்துக்கெழம வரமாட்டாங்களா கண்ணு?” என்று கேட்டார்.

நம் வீடுகள் எல்லாம் ஒரே பில்டர் ஒரே அச்சில் கட்டிக் கொடுத்தவை. பின்னால் கல் பாவிய சிறு தளம். அதற்குப் போக, ஆளுயரத்துக்கு மேல் ஒரு கண்ணாடிக் கதவு, பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. விற்கும்போது அந்தத் தளத்துக்கு ஆங்கிலத்தில் பேட்டியோ என்று பெயர் சொன்னார்கள். குடிவந்த பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அக்காவுக்கு அது பொறவாசல், அப்பாவுக்குப் பொடக்காளி. விளம்பரப் படத்தில் அந்தக் கதவுகள் புல்வெளியைப் பார்த்திருந்தன. நம்முடையவை பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டின் முதுகைப் பார்த்திருக்கின்றன. அதன் எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்கப் பஞ்சைத் துப்பிக்கொண்டே இருக்கும்.

எஸ்தர் அக்கா ஓர் ஆடை ஏற்றுமதி கம்பெனியில், தைத்த துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவர். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர், கணவர் இறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் பேச்சு மட்டும் மாறவில்லை. சட்டையானாலும் கத்தரிக்காயானாலும் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பார்ப்பார். ஒரு தீபாவளிக்கு நான் கட்டியிருந்த புதுச் சேலையின் முந்தானையைத் தெருவிலேயே புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு பிள்ள. திருப்பிப் பாத்த பொறவுதான சொல்ல முடியும்” என்றார். “மேல்பக்கம் கடைக்காரனுக்கு, உள்பக்கம் நமக்கு” என்பது அவர் அடிக்கடி சொல்வது. கோபக்காரர். குரல் பெரிது. தன் வீட்டுக் கண்ணாடியில் யாராவது கை வைத்தால் முகம் மாறிவிடும்.

நம் கண்ணாடிக் கதவுகளையெல்லாம் சரிசெய்துகொடுத்த அவருக்கு அந்த வேலை தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது என்று புதிதாக வந்தவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதலில் நம் கதவுகளை எல்லாம் கெடுத்தவரே அவர்தான்.

குடிவந்த முதல் வருடமே கதவுகள் இறுக ஆரம்பித்தன. திருப்பூரில் எது இறுகினாலும் தையல் மெஷின் எண்ணெய் விடுவோம், பனியன் கம்பெனி வேஸ்ட் துணியால் துடைப்போம். இரண்டும் இல்லாத வீடு இங்கே கிடையாது. அக்கா எண்ணெய்க் குப்பியோடு வீடு வீடாகப் போய் டிராக்கில் ஊற்றிக் கொடுத்தார். கதவுகள் வழுக்கிக்கொண்டு ஓடின. எல்லோரும் அவரைப் புகழ்ந்தோம். ஒரு மாதம் போவதற்குள் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து டிராக்கில் கருப்பு அடை போலப் படிந்துவிட்டது. துடைக்கத் துடைக்க, வேஸ்ட் துணியின் வெட்டிய ஓரத்திலிருந்து இன்னும் நூல் உதிர்ந்து அதோடு சேர்ந்தது. ஒரு கதவும் நகரவில்லை.

கடைசி வீட்டுக் கோபாலண்ணன் தெருவில் நின்றுகொண்டு சத்தமாகக் கேட்டார்: “ஏனுங்க எஸ்தரம்மா, கதவுக்கு எண்ணெ தேச்சு உட்டுட்டீங்க. சீயக்கா எப்பங்க போடுவீங்க?”

தெருவே சிரித்தது. அக்காவும் சிரித்தார். “வாரேன் அண்ணே, வாளியோடதான் வாரேன்” என்றார். அது வெறும் பேச்சாக இருக்கும் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு, கோயிலிலிருந்து வந்ததும் புடவையை மாற்றிக்கொண்டு, ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷுமாகக் கோபாலண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போனார். “நாந்தான் கெடுத்தேன். நானே எடுத்துத் தாரேன். நீங்க நாற்காலியப் போட்டு ஒக்காந்து சிரிங்க” என்றாராம். அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நம் வீடுகளின் பின்வாசல் படியில் அவர் குப்புறக் கிடந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அதன் பிறகுதான் அவர் சட்டம் போட்டார். டிராக்குக்கு எண்ணெய் கூடாது. வேஸ்ட் துணி கூடாது. பழைய வேட்டித் துணிதான். தினமும் உலர்ந்த பிரஷ், மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீர். நன்றாகக் காய்ந்த பிறகு மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்த்துவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார். எங்கள் வீட்டுக் கதவுக்கு அதைத் தேய்த்தபோது, “ஏங்க, எங்க கதவ மதம் மாத்தறீங்களா?” என்று என் கணவர் செந்தில் கேட்டார். “ஓடுனா போதும் தம்பி. எந்தச் சாமி தள்ளுனா என்ன?” என்றார் அக்கா.

செந்திலுக்கும் அவருக்கும் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கதவுச் சட்டத்தின் வெளிப்பக்கம் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருப்பதைச் செந்தில் பார்த்தார். இது வழியாகத்தான் தண்ணீர் வருகிறது என்று முடிவுசெய்து, சிலிக்கான் பசை வாங்கிவந்து அத்தனையையும் அழகாக அடைத்தார். அடுத்த மழைக்கு வந்த தண்ணீர் சோபா வரைக்கும் போனது.

அக்கா வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஓர் ஓட்டையை நகத்தால் சுரண்டினார். பிறகு, “தம்பி, இது நீங்க செஞ்ச வேலையா?” என்றார்.

“ஆமாங்க்கா. தண்ணி வருதுன்னு…”

“டிராக்குல விழுற தண்ணி வெளிய போறதுக்குத்தான் அந்த ஓட்டை. தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு, அது போற பாதைய அடைச்சு வச்சிருக்கீயளே! பொறவு அது எங்க போவும்? ஒங்க வீட்டுல டிவி பாக்கத்தான் வரும்.”

செந்தில் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்கவைப்பது சுலபமில்லை. இருவரும் உட்கார்ந்து குண்டூசியால் பசையைக் கிளறி எடுத்தார்கள். உள்ளே பஞ்சும் அடைத்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றி, வெளியே சொட்டுகிறதா என்று பார்த்தார்கள். சொட்டியபோது செந்தில் கை தட்டினார்.

அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடு வந்துவிட்டார். அனுப்பர்பாளையத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவர். அக்கா அவரை முதல் நாளே “அண்ணாச்சி” என்று கூப்பிட, “நமக்கு மளிகைக் கடையில்லீங்க, பாத்திரக் கடைங்க” என்று அப்பா திருத்தினார். அக்கா கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையில் வலு போனது. வாக்கர் பிடித்து மெதுவாக நடப்பார். பகலில் நானும் செந்திலும் வேலைக்குப் போய்விடுவோம். காலை வெயிலில் தளத்தில் போய் உட்கார்ந்து, குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடும் அக்காவோடு பேசுவது ஒன்றுதான் பகலில் அவருக்கு இருந்த மனிதத் துணை. ஆனால் கதவை இடது கையால் தள்ள அவரால் முடியவில்லை. யாராவது திறந்துவிடும்வரை காத்திருப்பார். அக்காவைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லவும் கூச்சம்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா தானாகவே கவனித்திருக்கிறார். ஒரு ஞாயிறு திருப்புளியோடு வந்து, “கௌசி, நீ அந்தப் பக்கம் நில்லு. கதவக் கழட்டப் போறோம்” என்றார்.

அந்தக் கதவைத் தனி ஆளாகக் கழற்ற முடியாது. இரண்டு பேர் உள்பக்கம் நின்று, ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்து, முதலில் மேல்சட்டத்துக்குள் தூக்க வேண்டும். பிறகு அடிப்பகுதியை நம் பக்கமாக இழுத்து இறக்க வேண்டும். ஒருவர் முந்தினால் கதவு சாய்ந்துவிடும். அவ்வளவு பெரிய கண்ணாடி கையில் ஆடுவதைப் பார்த்ததும் நான் தூக்குவதை நிறுத்திவிட்டேன்.

“கண்ணாடியப் பாக்காத. அதப் பாத்தாப் பயம் வரும். என் முகத்தப் பாரு” என்றார் அக்கா.

பார்த்தேன். அவர் தலையசைத்தபோது தூக்கினேன். மறுபடி அசைத்தபோது இழுத்தேன். கதவு இரண்டு நாற்காலிகள்மேல் பத்திரமாகப் படுத்தது. அடியைத் திருப்பிப் பார்த்தோம். கதவை ஓடவைக்கும் ரோலர் உருளைகளைச் சுற்றி நூல் கண்டுபோலச் சுற்றியிருந்தது. “பாத்தியா, உள்பக்கம்” என்றார். நூலை வெட்டி எடுத்து, தேய்ந்திருந்த ரோலரை மாற்றி, கதவைத் திரும்ப ஏற்றி, ஓரத்துத் திருகுகளைத் திருப்பிக் கதவின் உயரத்தைச் சரிசெய்தார். திருப்புவதும் தள்ளிப் பார்ப்பதுமாக வெகுநேரம் செய்தார். எனக்குப் போதும் என்று தோன்றியபோது அவருக்குத் தோன்றவில்லை.

“அண்ணாச்சி, வாங்க. எடது கையில ஒத்த வெரல வச்சுத் தள்ளுங்க.”

“வெரலிலயா? கதவுங்க இது.”

“தள்ளுங்க சொல்லுதேன்.”

அப்பா ஆள்காட்டி விரலை வைத்துத் தள்ளினார். கதவு சத்தமில்லாமல் நகர்ந்து முழுசாகத் திறந்தது. வாழ்நாளெல்லாம் பாத்திரத்தைத் தட்டிச் சத்தத்தில் தரம் பார்த்தவர், “சத்தமே வரலீங்களே!” என்றார். பிறகு மூடினார். மறுபடி திறந்தார். அன்று மாலை முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு கதவைக் கழற்றுவது வழக்கமாயிற்று. வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் நான். கடைசிச் சோதனை அப்பாவின் ஒற்றை விரல்.

சென்ற மாதம் அக்கா ஊருக்குப் போயிருந்தபோதுதான் அது நடந்தது. அப்பா காலையில் வெளியே போய் உட்கார்ந்து, கதவை மூடியிருக்கிறார். திரும்பித் திறக்கும்போது ஒரு ரோலர் உடைந்து கதவு ஒருபுறமாகச் சாய்ந்து இறுகிக்கொண்டது. போன் உள்ளே இருந்தது. பக்கத்துச் சந்து வழியே சுற்றி வரப் படி ஏற வேண்டும், வாக்கரோடு முடியாது. நிட்டிங் மெஷின் ஓடும் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அன்று நம் வரிசையில் ஆளும் இல்லை. சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது, சுவரோரம் கைக்குட்டை அளவு விழுந்த நிழலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது.

“வெயிலு ஒண்ணும் அத்தன பெருசில்ல கண்ணு” என்றார்.

மருத்துவமனையிலிருந்து மூன்றாம் நாள் கூட்டிவந்தோம். செந்தில் கதவைப் பூட்டி, கம்பி வைத்து முறுக்கினார். “இந்தக் கதவே வேண்டாம் கௌசல்யா. எடுத்துப்போட்டுச் சுவரு வெச்சறலாம். மேல ஒரு சன்னல் வெச்சாப் போதும், வெளிச்சம் வரும். மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன்” என்றார். அப்பா தடுக்கவில்லை. “மாப்ள சொல்றதும் செரிதான்” என்றார். அன்றிலிருந்து அவர் கண்ணாடிக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். செந்திலைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தனியே விட்டுப்போனோமே என்று அவர் அழுததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் அப்பாவின் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. என் முகத்தையும்தான். பேச வேண்டியதைக் கதவைப் பார்த்தே பேசுகிறார்.

அக்காவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவுடன் அப்பாவைப் பேசச் சொல்லி, “அண்ணாச்சி, ஒரு வெரலுக்கு இவ்வளவு திமிரா? போனை எடுத்துட்டுப் போகக் கூடாதா?” என்று திட்டினார். அப்பா சிரித்தார். பிறகு என்னிடம், “கதவு என்ன பாவம் செய்யும்? ரோலர் போச்சு. புது ரோலர் என் வீட்டு ஷெல்ஃபுல கெடக்கு. சுவரு கிவருன்னு ஆரம்பிக்காதீய. நான் ஞாயித்துக்கெழம வந்துருவேன். நீ ஒன் பக்கத்தப் புடிச்சாப் போதும்” என்றார். அந்த ஞாயிறு தங்கை விடவில்லை என்றார். அடுத்ததற்கு வருவதாகச் சொன்னார். அதற்குள்தான் சாமுவேலின் போன் வந்தது.

சாமுவேல் பெங்களூரிலிருந்து வந்து வீட்டைக் காலிசெய்தான். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டான். கோபாலண்ணன் வாளியை எடுத்துக்கொண்டார். அதைப் பிடித்தபடி வாசலில் வெகுநேரம் நின்றார். எதையும் கிண்டல் செய்யவில்லை. நான் ஷெல்ஃபிலிருந்து ரோலர் கவரை எடுத்தேன். மெழுகுவர்த்தி டப்பாவையும் திருப்புளியையும் சாமுவேலே கொண்டுவந்து கொடுத்தான். “இதெல்லாம் உங்களுக்குத்தான்னு அம்மா சொல்லியிருப்பாங்க” என்றான்.

அவரிடமிருந்து என்னோடு இருப்பவை இவை. ஒரு ஜோடி ரோலர். நல்லது என்று சொல்வதற்கு முன் திருப்பிப் பார்க்கும் பழக்கம். கெடுத்ததை மறைக்காமல், வாளியோடு முதலில் சிரித்தவர் வீட்டுக்கே போகலாம் என்ற துணிச்சல். பிறகு, ஒரு கதவின் வலப்பக்கத்தில் இப்போது ஆளில்லை என்பது.

மேஸ்திரி திங்கட்கிழமை வருகிறார். அவரை வரவேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. அவருக்கு வேறு வேலை இருக்கிறது. பக்கத்துச் சந்தில் உள்ள படியை உடைத்து, அப்பாவின் வாக்கர் ஏறும்படி சரிவு போட்டுத்தர வேண்டும். கதவு எப்போதாவது மறுபடி இறுகினாலும் அவர் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடலாம். அதற்கு முன் ஞாயிறு மதியம் இருக்கிறது. கம்பியை அவிழ்த்துவிட்டு, புது ரோலர் போட நான் வலப்பக்கம் நிற்கப்போகிறேன். இடப்பக்கத்துக்குச் செந்திலைக் கூப்பிடுவேன். சுவரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஞாயிறு போயிருக்கும். எழுதும் இந்த நேரத்தில் இது யாருக்கும் தெரியாது, கண்ணாடிக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்குக்கூட.

கதவைப் பிடித்ததும் செந்தில் கண்ணாடியைத்தான் பார்ப்பார். அப்போது சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும்: “அதப் பாக்காதீங்க. என் முகத்தப் பாருங்க.”